ஆபீஸ் நடத்தும் ஆர்க்கிடெக்ட் கல்லூரியில் பாடம் எடுப்பது மாணவருக்கு நல்லதா?

உங்கள் மகள் பிளஸ் டூ முடித்து, கட்டடக்கலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான நாட்டா எழுதியிருக்கிறாள், இரண்டு கல்லூரிகளைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஒன்றில் டிசைன் ஆசிரியர்களில் பெரும்பாலோர் சொந்தமாக ஆபீஸ் நடத்துகிறவர்கள். இன்னொன்றில் முழுநேர ஆசிரியர்கள், அவர்களில் பலர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். எதில் சேர்ப்பது, ஆபீஸ் வைத்திருப்பவர் வகுப்புக்கு ஒழுங்காக வருவாரா என்பதுதான் உங்கள் கேள்வி.

நேராகவே சொல்லிவிடுகிறேன். கட்டடம் கட்டிக்கொண்டே கற்பிக்கிறவர்கள் இருக்கும் கல்லூரி நல்லதுதான். ஆனால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அவர்கள் மாணவர் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள் என்று தெரியாமல் அந்தப் பெயர்ப் பட்டியலை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். நான் சென்னையில் ஒரு சின்ன ஆபீஸ் நடத்துகிறேன், கூடவே கல்லூரியில் டிசைன் ஸ்டுடியோவும், அதாவது மாணவர்கள் வரைந்து பழகும் வகுப்பும் எடுக்கிறேன், அதனால் என் பக்கச் சாய்வு எங்கே இருக்கும் என்பதை நீங்களே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஏற்பாடு ஒன்றும் புதிது கிடையாது. பாரிஸின் எகோல் தே போஸார் என்ற கலைப் பள்ளியில் 19-ஆம் நூற்றாண்டில் விரிவுரைகள் பள்ளியில் நடக்கும், டிசைன் கற்பதென்றால் வெளியே தொழில் செய்துகொண்டிருந்த ஓர் ஆர்க்கிடெக்டின் அத்தெலியேவில், அதாவது பட்டறையில் போய்ச் சேர வேண்டும், அங்கே அவர் வந்து பார்க்காத நாட்களில் மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். மும்பை ஜே.ஜே. கலைக் கல்லூரியில் 1923 முதல் 1943 வரை கட்டடக்கலைப் படிப்புக்குத் தலைமை வகித்த கிளாட் பாட்லி, கிரெக்சன், பாட்லி அண்ட் கிங் நிறுவனத்தின் பங்குதாரர். ஒரு பக்கம் மும்பை சென்ட்ரல் ரயில் நிலையம் மாதிரி வேலைகள், இன்னொரு பக்கம் வகுப்பு. பிற்காலத்தில் பெயர் பெற்ற அச்யுத் கன்விந்தே அவரிடம் படித்தவர்தான்.

1919-இல் ஜெர்மனியின் வைமாரில் வால்டர் கிரோப்பியஸ் என்ற ஆர்க்கிடெக்ட் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளி இன்னும் சுவாரசியமானது. அங்கே ஒவ்வொரு பட்டறைக்கும் இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் ஓவியர் அல்லது வடிவத்தைப் பற்றிச் சிந்திக்கிறவர், இன்னொருவர் மரத்திலோ உலோகத்திலோ நெசவிலோ கை தேர்ந்த தொழிலாளி. உங்கள் கேள்விக்கு நூறு வருடத்துக்கு முன்பே அவர்கள் சொல்லிப் பார்த்த பதில் இது: இரண்டு பேரும் வேண்டும், அதுவும் ஒரே அறையில். கிரோப்பியஸின் சொந்த ஆபீஸுக்கு பெர்லினில் சொம்மர்ஃபெல்ட் என்பவரின் வீட்டு வேலை வந்தபோது உள் அலங்காரத்தை மாணவர்களிடம் கொடுத்தார். நாற்காலி மார்செல் பிராயர், கண்ணாடி யோசெஃப் ஆல்பெர்ஸ், மரச் செதுக்கு யூஸ்ட் ஷ்மிட். ஆனாலும் பாருங்கள், அந்தப் பள்ளியில் கட்டடக்கலைக்கென்று தனித் துறை வந்தது 1927-இல்தான்.

நம் நாட்டில் இதற்குச் சரியான உதாரணம் அகமதாபாத். ஆர்க்கிடெக்ட் பாலகிருஷ்ண தோஷி, பாரிஸில் உலகப் புகழ்பெற்ற ஆர்க்கிடெக்ட் லெ கொர்புசியேயிடம் வேலை பார்த்துவிட்டு, அவருடைய அகமதாபாத் கட்டடங்களைக் கவனித்துக்கொள்ள ஊர் திரும்பியவர். 1950-களின் நடுவில் சொந்த ஆபீஸ் ஆரம்பித்தார், 1962-இல் அகமதாபாத் கல்விச் சங்கத்தின் ஆதரவில் கட்டடக்கலைப் பள்ளி தொடங்கியபோது அதன் இயக்குநரும் அவரே. அதே வருடம்தான் ஐஐஎம் வளாகத்தை வரைய அமெரிக்க ஆர்க்கிடெக்ட் லூயி கானை அகமதாபாத்துக்கு அவர் வரவழைத்ததும். இது தற்செயலாகச் சேர்ந்தது மாதிரி தெரியும், ஆனால் அந்தப் பள்ளி எப்படி நடந்தது என்பதற்கு இதுதான் அடிப்படை என்று நான் நினைக்கிறேன். ஊரிலேயே லெ கொர்புசியேயின் மில் ஓனர்ஸ் கட்டடம் நிற்கிறது, ஷோதன் வீடு நிற்கிறது, பக்கத்தில் கானின் செங்கல் வளைவுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன, அந்த வேலைகளில் கை வைத்தவர்களே மாலையில் ஸ்டுடியோவுக்கு வருகிறார்கள். பிலடெல்பியாவில் கானின் ஆபீஸில் வேலை பார்த்துவிட்டு வந்து, கான் 1974-இல் இறந்தபிறகு ஐஐஎம் வேலைகளைத் தொடர்ந்த ஆனந்த் ராஜே அங்கே பல காலம் பாடம் எடுத்தார். நகரத்திலேயே பெரிய ஆபீஸ் நடத்திய ஹஸ்முக் பட்டேலும் எடுத்தார். தோஷியுடன் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பெர்னார்ட் கோன் என்ற பிரெஞ்சுக்காரர்தான் 1960-களிலேயே சபர்மதிக் கரையை எப்படி மாற்றலாம் என்று ஒரு யோசனை வரைந்து வைத்தவர்.

பள்ளிக் கட்டடத்தையும் தோஷியே வரைந்தார். இணையாக ஓடும் செங்கல் சுவர்கள், வடக்கு வெளிச்சம் இறங்கும் சாய்வான கூரை, கீழே காற்று ஊடுருவும் திறந்த இடம். முதல் வருட மாணவர் மாடலை எடுத்துக்கொண்டு நடந்தால் ஐந்தாம் வருடத்துக்காரரின் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். தொழில் செய்கிற ஆசிரியர் அங்கே வரைந்த கட்டடமே பாடப்புத்தகம் மாதிரி ஆகிவிட்டது, சுவருக்கும் கூரைக்கும் நடுவே வெளிச்சம் எப்படி வருகிறது என்று கேட்டால் தலையைத் தூக்கிப் பார்த்தால் போதும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1978-இல் தோஷி தன் ஆபீஸோடு சேர்த்து வாஸ்து சில்பா ஆய்வு அறக்கட்டளையை ஏற்படுத்தினார். இந்தூரில் அரண்யா குடியிருப்பைத் திட்டமிடும்போது, முதலில் அந்த ஊரின் குடிசைப் பகுதிகளில் மக்கள் வாசலை, திண்ணையை, சந்துகளை என்னென்னவாகப் பயன்படுத்துகிறார்கள் என்று உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். சுமார் 6,500 மனைகள், மாதிரிக்காகக் கட்டிய வீடுகள் 80. மிச்சத்தைக் குடியிருப்பவர்களே தங்கள் கைக்கு ஏற்றபடி கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். 1995-இல் இதற்கு ஆகா கான் விருது கிடைத்தது. வெறும் ஆபீஸாக இருந்திருந்தால் இந்த ஆராய்ச்சிக்கு யார் சம்பளம் கொடுப்பது? ஆசிரியராகவும் இருந்த ஒருவருக்குத்தான் "முதலில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்" என்ற பழக்கம் ஆபீஸுக்குள்ளும் தொற்றிக்கொள்ளும். ஆகவே கல்லூரியால் ஆபீஸுக்கும் லாபம் உண்டு, அதைப் பலர் சொல்வதில்லை.

சரி, இந்த ஆட்களிடம் மாணவர் உண்மையில் என்ன கற்கிறார்?

கல்லூரிக் கையேடுகளில் "தொழில்துறை அனுபவம்" என்று எழுதுவார்கள், அதைப் பார்த்து மயங்க வேண்டாம். மூன்று மீட்டர் மாடி உயரத்துக்கு 150 மில்லிமீட்டர் படி வைத்தால் 20 ஏற்றம், நடுவில் திரும்பும் படிக்கட்டு என்றால் ஒரு பக்கம் ஒன்பது படிப்பலகை, 300 வீதம் 2.7 மீட்டர், அதோடு லேண்டிங் 1.2, ஆக அறை நீளம் கிட்டத்தட்ட நாலு மீட்டர் வேண்டும், நீ மூன்று மீட்டரில் அடைத்திருக்கிறாய் என்று கண்டுபிடிக்க ஆபீஸ் நடத்த வேண்டியதில்லை. எந்த நல்ல ஆசிரியரும் சொல்வார். டாய்லெட் குழாய் எங்கே இறங்குகிறது, தூண் ஏன் கார் நிறுத்துமிடத்தின் நடுவில் நிற்கிறது, இதெல்லாமும் அப்படித்தான்.

தொழில் செய்கிறவர் மட்டுமே கொடுக்கக்கூடியது வேறு ஒன்று, அது எதை விட்டுக்கொடுப்பது என்ற அறிவு. ஒரு மாணவி நூலகம் வரைந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்கு வெளிச்சக் கூரை, பூசாத செங்கல் சுவர், நடுவில் முற்றம், முற்றத்தில் தண்ணீர், சுற்றி ஏறும் ராம்ப் என்ற சரிவுப் பாதை, எல்லாம் இருக்கிறது. டிஸ்கஷனில் நான் கேட்பேன்: "கிளையன்ட் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டார், எதை எடுப்பாய்?" பெரும்பாலும் முதலில் எடுப்பது அந்தக் கூரையை, ஏனென்றால் அதுதான் செலவு கூடியது. எடுத்தபிறகு பார்த்தால் படிக்கிற அறை இருட்டாகிவிட்டது, முற்றமும் தண்ணீரும் பத்திரமாக இருக்கின்றன, நூலகம் மட்டும் போய்விட்டது. அப்போதுதான் தன் டிசைன் எந்த ஒரு முடிவின் மேல் நின்றுகொண்டிருக்கிறது என்று அவளுக்கே தெரிகிறது. கூரையை வைத்துக்கொண்டு ராம்பையும் தண்ணீரையும் எடுத்தால் கட்டடம் மெலியும், ஆனால் சாகாது. இந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றுவதே ஆபீஸில் மாதம் ஒரு முறையாவது யாராவது உங்களிடம் அதைக் கேட்பதால்தான்.

அதே கூரையில் மழை எங்கே நுழையும் என்பதும் அப்படி. கண்ணாடி உட்காரும் விளிம்பை மொட்டை மாடித் தளத்திலிருந்து 150 மில்லிமீட்டராவது தூக்காவிட்டால் ஐப்பசி மழையில் என்ன ஆகும் என்பதைக் கிளையன்டின் இரவு நேர போன் அழைப்பு மூலம் தெரிந்துகொண்டவர் சொல்வதற்கும், புத்தகத்தில் படித்தவர் சொல்வதற்கும் குரலே வேறு. கொத்தனார் எந்த டிராயிங்கைப் பார்ப்பார், எதைப் பார்க்கவே மாட்டார், அளவை எங்கே எழுதினால் அவர் கண்ணில் படும், இதெல்லாம் சைட்டில் நின்றவர்களிடம்தான் கிடைக்கும்.

இந்த அனுபவத்தை இன்னும் ஒரு படி தள்ளிக்கொண்டு போனது அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ரூரல் ஸ்டுடியோ. சாமுவேல் மாக்பி என்ற தொழில்முறை ஆர்க்கிடெக்டும் டி. கே. ரூத்தும் 1993-இல் ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்காகத் தொடங்கினார்கள். மாணவர்கள் ஹேல் கவுண்டி என்ற ஏழைப் பகுதிக்குப் போய்த் தங்கி, அங்குள்ளவர்களுக்கு வீடும் பொதுக் கட்டடமும் வரைந்து, தாங்களே கட்டுவார்கள். பழைய டயரில் சுவர் வைத்த பிரார்த்தனைக் கூடம், பழைய செவ்ரோலே கார்களின் முன்கண்ணாடியை ஓடு மாதிரி அடுக்கிய சமூகக் கூடம் எல்லாம் மாணவர் வேலை. மாக்பி 2001-இல் இறந்தபிறகும் அது நடக்கிறது. நம் ஊருக்கு நெருக்கமாகச் சொல்வதென்றால் அனுபமா குந்தூ. ஆரோவில்லில் அவர் தனக்காகக் கட்டிய வால் ஹவுஸ் 2000-இல் முடிந்தது, 2012-இல் வெனிஸ் பியனாலே என்ற கட்டடக்கலைக் கண்காட்சியில் அதை முழு அளவில் மறுபடி கட்டியபோது இந்தியாவிலிருந்து போன கைவினைஞர்களோடு கட்டடக்கலை மாணவர்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். கொத்தனாரோடு நின்று செங்கல் அடுக்கிப் பார்த்த பிள்ளைக்கு எந்த விரிவுரையும் தேவைப்படாத சில விஷயங்கள் இருக்கின்றன.

இப்போது கெட்ட பக்கம். இதைத்தான் நீங்கள் அதிகம் கவலைப்பட்டுக் கேட்டிருக்கிறீர்கள்.

முதல் ஆபத்து, ஆசிரியரின் கையெழுத்தே மாணவர் கையெழுத்தாக ஆகிவிடுவது. ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போன ஆர்க்கிடெக்ட் மீஸ் வான் டெர் ரோஹ் 1938 முதல் 1958 வரை சிகாகோவின் இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடக்கலைத் துறையை நடத்தினார், வளாகத்தையும் அவரே வரைந்தார், கடைசி வருடங்களில் மாணவர்கள் அவர் வரைந்த கிரவுன் ஹாலில் உட்கார்ந்தே படித்தார்கள். அங்கிருந்து அருமையான தொழில் ஒழுக்கம் உள்ளவர்கள் வெளியே வந்தார்கள், ஆனால் குட்டி மீஸ்களும் நிறையவே வந்தார்கள். இதற்கு நேர் எதிர், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம். 1958 முதல் 1965 வரை அங்கே தலைவராக இருந்த பால் ருடால்ஃபின் கட்டடங்கள் கனமான, சொரசொரப்பான கான்கிரீட். அவரிடம் படித்த நார்மன் ஃபாஸ்டரும் ரிச்சர்ட் ராஜர்சும் எஃகையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டார்கள். ருடால்ஃப் கறாரானவர், ஆனால் தன்னை மாதிரியே வரையச் சொன்னவர் இல்லை. ஆக, பெரிய கை இருப்பது குற்றம் கிடையாது, அதை மாணவர் ஷீட்டின் மேல் வைத்து அழுத்துவதுதான் பிரச்சினை. நம் கல்லூரிகளில் ஒரே செமஸ்டரின் நாற்பது ஷீட்டையும் சுவரில் வரிசையாக ஒட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், அங்கே நாற்பது பேர் இருக்கிறார்களா ஒருவரே நாற்பது முறை இருக்கிறாரா என்று.

இரண்டாவது, "கிளையன்ட் ஒத்துக்க மாட்டான்" என்ற வாக்கியம். முதல் வருடப் பிள்ளையிடம் இதைச் சொல்லும் ஆசிரியரை நான் ஸ்டுடியோ பக்கமே விடமாட்டேன். பத்து வருடமாக அதே மாதிரி வீடுகளைக் கட்டிக் களைத்துப்போனவர்களுக்கு இந்த நோய் சீக்கிரம் வரும். தொழில் என்பது சிலரைக் கூர்மையாக்குகிறது, சிலரைச் சுருக்கிவிடுகிறது, விசிட்டிங் கார்டைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாவது, கை செய்வதை வாய் சொல்லத் தெரியாதவர்கள். அற்புதமாகக் கட்டுவார்கள், மாணவர் "ஏன் சார் இந்த ஜன்னல் இங்கே?" என்று கேட்டால் பென்சிலை வாங்கித் தாங்களே வரைந்து கொடுத்துவிடுவார்கள். பிள்ளைக்கு நல்ல பிளான் கிடைக்கும், காரணம் கிடைக்காது.

நான்காவதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். சில இடங்களில் ஆசிரியரின் ஆபீஸ் டெட்லைனும் மாணவரின் விடுமுறையும் விசித்திரமாக ஒரே வாரத்தில் வரும். மாடல் செய்ய, த்ரீடி எடுக்க, போட்டிக்கு ஷீட் போடப் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள், பணம் கிடையாது, "அனுபவம்" உண்டு. மார்க் போடுகிறவரிடம் முடியாது என்று எந்தப் பிள்ளை சொல்லும்? கற்பிப்பவரின் ஆபீஸில் வேலை செய்வதில் தவறில்லை, கிரோப்பியஸ் காலத்திலிருந்து நடப்பதுதான், ஆனால் அதற்குப் பெயரும் பணமும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இன்னும் ஒரு சிக்கலும் உண்டு, அது பெரிய இடத்துச் சிக்கல். இன்று செப்ட் பல்கலைக்கழகம் என்று அறியப்படும் அந்த அகமதாபாத் பள்ளிக்குத் தலைவராக இருந்த காலத்திலேயே பிமல் பட்டேலின் நிறுவனம் 2019-இல் டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடம் உட்பட்ட சென்ட்ரல் விஸ்டா வேலைக்குத் தேர்வானது. நாடே விவாதித்த திட்டம் அது. ஒரு பள்ளியின் தலைவரே நாட்டின் மிகப் பெரிய வேலைகளைச் செய்யும்போது மாணவர்களுக்கு அந்த வேலையை உள்ளிருந்து பார்க்கும் வாய்ப்பு கிடைக்கும், அதே சமயம் அந்த வேலையை விமர்சித்து ஒருவர் தீசிஸ் எழுதுவதென்றால் கொஞ்சம் யோசிப்பார். யார் தலைவராக இருந்தாலும் இந்த இழுபறி வரும். நல்ல பள்ளி என்பது அந்தத் தீசிஸுக்கும் இடம் கொடுப்பது.

ஆர்க்கிடெக்டுகள் ஏன் பாடம் எடுக்க வருகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கு ஆளை எடைபோடுவது சுலபமாகும். சேவை மனப்பான்மை என்பார்கள், உண்டுதான், ஆனால் முதல் காரணம் பணம், அதுவும் மாதா மாதம் வரும் பணம். சின்ன ஆபீஸில் ஒரு கிளையன்ட் இரண்டாம் தவணையைத் தராமல் இழுத்தால் வாடகை நிற்கும். லூயி கான் முதலில் யேலிலும் பிறகு 1957 முதல் பென்சில்வேனியாவிலும் கடைசி வரை கற்பித்தார். உலகமே கொண்டாடிய அவர் இறந்தபோது அவருடைய ஆபீஸ் பெருங்கடனில் இருந்தது. அவருடைய முதுகலை ஸ்டுடியோவில் அவரோடு ராபர்ட் லெ ரிகொலே என்ற எஞ்சினியரும் நார்மன் ரைஸ் என்ற ஆர்க்கிடெக்டும் உட்காருவார்கள். எவ்வளவு பெரிய ஆளையும் தனியாக விடாத அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டாவது காரணம், நல்ல மாணவர்களை ஆபீஸுக்கு எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது, யோசிக்க ஓர் இடம். லண்டனில் 1847-இல் தொடங்கிய ஏ.ஏ. என்ற கட்டடக்கலைப் பள்ளியில், ஆல்வின் பொயார்ஸ்கி தலைவராக இருந்த 1970-கள், 80-களில் யூனிட் முறை கொடிகட்டிப் பறந்தது. வருட ஆரம்பத்தில் ஒவ்வோர் ஆசிரியரும் தன் யோசனையை மாணவர்கள் முன் வைக்க வேண்டும், மாணவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். ரெம் கூல்ஹாஸிடமும் எலியா செங்கெலிஸிடமும் அங்கே படித்து, பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற ஆர்க்கிடெக்ட் சாஹா ஹதித் 1987 வரை அங்கே கற்பித்தார். அவருக்குப் பேர் வாங்கிக்கொடுத்த முதல் பெரிய கட்டடமான விட்ரா தீயணைப்பு நிலையம் முடிந்தது 1993-இல். அதாவது கட்டடமே இல்லாத ஓர் ஆபீஸைப் பல வருடம் உயிரோடு வைத்திருந்ததில் ஒரு பள்ளிக்குப் பங்கு உண்டு. நிறையக் கட்டியவர்தான் நல்ல ஆசிரியர் என்று கணக்குப் போட்டால் அந்த நாளில் சாஹாவைத் தள்ளிவிட்டிருப்பீர்கள்.

நம் விதிகளுக்கு வருவோம். 1972 ஆர்க்கிடெக்ட் சட்டத்தின் கீழ் உருவான கட்டடக்கலைக் கவுன்சில்தான் படிப்பின் குறைந்தபட்சத் தரத்தை வகுக்கிறது. அதன் 1983 விதிகளிலேயே ஆசிரியர்கள் தொழிலில் ஈடுபடுவதைக் கல்லூரி ஊக்குவிக்க வேண்டும் என்று இருக்கிறது, ஆகவே ஆபீஸ் வைத்திருப்பது ஏதோ திருட்டுத்தனம் என்று நினைக்காதீர்கள். 8 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று அப்போது சொன்னார்கள், 2020 விதிகளில் அது 10 மாணவருக்கு ஒருவர் என்று தளர்ந்தது. 2022-இல் யுஜிசி, முனைவர் பட்டம் இல்லாவிட்டாலும் 15 வருடமாவது துறையில் அனுபவம் உள்ளவர்களை "நடைமுறைப் பேராசிரியர்" என்று நியமிக்கலாம் என வழிகாட்டுதல் கொண்டுவந்தது, மொத்தப் பணியிடத்தில் 10 சதவீதத்துக்குள்.

காகிதத்தில் எல்லாம் சரி. கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு வகுப்பில் 40 பேர், ஒருவருக்கு 15 நிமிட டிஸ்கஷன் என்றால் மொத்தம் பத்து மணி நேரம். நாலு ஆசிரியர் இருந்தால் ஆளுக்கு இரண்டரை மணி, ஒரு மதியத்தில் முடிந்துவிடும். அந்த நாலில் இரண்டு பேர் ஆபீஸ்காரர்கள், ஒருவருக்கு சைட்டில் ஸ்லாப் கான்கிரீட், இன்னொருவருக்குக் கட்டட அனுமதி தரும் சிஎம்டிஏவில் ஃபைல், இரண்டு பேரும் வரவில்லை. அன்று உங்கள் மகளுக்குக் கிடைப்பது ஏழரை நிமிடம். ஷீட்டை விரித்து ஒட்டவே மூன்று நிமிடம் போய்விடும். அதுவும் முழுநேர ஆசிரியர் இரண்டு பேர் எல்லாச் சுமையையும் தாங்கிக்கொண்டு, சப்மிஷன் வாரத்தில் மட்டும் ஆபீஸ்காரர் வந்து "இது என்ன, மொத்தமாக மாற்று" என்று சொல்லிவிட்டுப் போகும்போது வரும் கோபம் இருக்கிறதே, அதை ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து கேட்க வேண்டும். நியாயமான கோபம்.

முழுநேரக்காரர்களைக் குறைத்து மதிப்பிடாதீர்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். முதல் இரண்டு வருடங்களில் பிள்ளைக்குத் தேவை தினமும் கண்ணில் படும் ஆசிரியர். அப்புறம் கட்டடக்கலை வரலாறு, தட்பவெப்பம், ஒலியியல், ஸ்ட்ரக்சர், இதெல்லாம் ஆபீஸிலிருந்து மூச்சு வாங்க ஓடிவருகிறவர் எடுக்கும் பாடங்கள் கிடையாது, பல வருடம் படித்துத் தயார் செய்தவர் எடுக்க வேண்டியவை. மூன்றாம் வருடத்திலிருந்து தொழில் செய்கிறவர்கள் அதிகம் வரட்டும். பல கல்லூரிகளில் எனக்குப் புரியாத ஒரு தலைகீழ் வழக்கம் இருக்கிறது: கட்டுவதற்கான ஒர்க்கிங் டிராயிங், செலவுக் கணக்கான எஸ்டிமேஷன் மாதிரி சைட் அனுபவம் கட்டாயம் தேவைப்படும் பாடங்களை எம்.ஆர்க் முடித்து நேராக வந்த இளம் ஆசிரியரிடம் தள்ளிவிடுவார்கள். இருபது வருடமாகக் கட்டுகிறவரை அழைத்து, மாணவர் வேலைகளை மதிப்பிடும் ஜூரியில் உட்காரவைத்து, ஒருவருக்குப் பத்து நிமிடம் கருத்துச் சொல்லவைத்து, சால்வை போட்டு அனுப்புவார்கள். பெரிய ஆளைப் பயன்படுத்துவதில் ஜூரி ரொம்ப மட்டமான வழி. அதே ஆள் தன் ஆபீஸில் முடிந்த ஒரே ஒரு கட்டடத்தின் எல்லா டிராயிங்கையும், முதல் கிறுக்கலிலிருந்து, திருத்தம் திருத்தமாக, கடைசியில் சைட்டில் மாற்றியது வரை மேசையில் பரப்பி இரண்டு மதியம் பேசினால் பிள்ளைகள் ஒரு செமஸ்டர் மறக்க மாட்டார்கள்.

டிசைனர்கள் விஷயத்தில் ஐஐடி, என்ஐடி (தேசிய டிசைன் நிறுவனம்) மாதிரி இடங்களில் கொஞ்சம் தெளிவாக வைத்திருக்கிறார்கள், ஆசிரியர் வெளிவேலை செய்யலாம், ஆனால் நிறுவனம் வழியாகவே வரும், கணக்கும் இருக்கும். 1971-இல் வந்த ஸ்டேட் பேங்க் சின்னம் என்ஐடியில் சேகர் காமத் வரைந்தது. ரூபாய் சின்னத்தை வரைந்த உதயகுமாரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் பி.ஆர்க் படித்து, மும்பை ஐஐடியில் டிசைன் படித்தவர், 2010-இல் சின்னம் தேர்வான கையோடு குவாஹாத்தி ஐஐடியில் ஆசிரியராகச் சேர்ந்தார். கட்டடக்கலைக் கல்லூரிகளும் இந்த முறையைக் கொண்டுவந்தால் இலவச வேலைத் தொல்லை பாதி குறையும்.

ஆக உங்கள் இரண்டு கல்லூரிகளில், முதல் கல்லூரியிடம் கேட்க வேண்டியது இதுதான்: அந்த ஆபீஸ் ஆர்க்கிடெக்டுகள் முழு செமஸ்டருக்கும் ஒரே ஸ்டுடியோவுக்கு, குறிப்பிட்ட கிழமைகளில் வருவதாக ஒப்பந்தமா, அல்லது கூப்பிடும்போது வருவார்களா? வராத நாளுக்கு மாற்று நாள் உண்டா? அவர்களுக்குக் கல்லூரி கொடுக்கும் தொகை, அவர்கள் ஆபீஸில் இழக்கும் ஒரு மதியத்துக்கு ஓரளவாவது ஈடாகுமா? இதை நேரடியாகக் கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனால் பெட்ரோல் காசுக்கு வருகிறவர் பெட்ரோல் அளவுக்குத்தான் வருவார். இரண்டாவது கல்லூரியிடம், ஒர்க்கிங் டிராயிங் யார் எடுக்கிறார்கள், கடைசியாகப் பிள்ளைகளை சைட்டுக்கு எப்போது கூட்டிப்போனார்கள், ஒரே சைட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதும் ஸ்லாப் போடும்போதும் மறுபடி கூட்டிப்போனார்களா என்று கேளுங்கள். ஒரு செமஸ்டர் ஆபீஸ் பயிற்சி எப்படியும் படிப்பிலேயே இருக்கிறது, இரண்டாவது கல்லூரி மற்ற எல்லாவற்றிலும் ஒழுங்காக இருந்தால் விடுமுறைகளில் நல்ல ஆபீஸில் சேர்த்து அந்தக் குறையை ஓரளவு சரிக்கட்டலாம். ஆபீஸ்காரர்கள் வராத முதல் கல்லூரியை எதை வைத்தும் சரிக்கட்ட முடியாது.

முதல்வர் அறையில் உட்கார்ந்து பேசி இதற்கெல்லாம் பதில் கிடைக்காது. மூன்றாம் வருட ஸ்டுடியோவுக்குப் போய், ஏதாவது ஒரு பிள்ளையிடம் சுருட்டி வைத்திருக்கும் பழைய பட்டர் பேப்பரை, அதாவது டிசைன் வரைந்து பார்க்கும் மெல்லிய தாளைக் காட்டச் சொல்லுங்கள். ஆசிரியர் கையால் வரைந்த கோடுகளும் அதன்மேல் பிள்ளை போட்ட கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் அங்கே பாடம் நடக்கிறது. போவதானால் ஓப்பன் ஹவுஸ் நாளில் போகாதீர்கள், சனிக்கிழமையும் வேண்டாம், செவ்வாய் புதன் மாதிரி நடுவாரத்தில், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டரை மணிக்கு மேல் போங்கள், ஆபீஸ்காரர் யாராவது வந்திருந்தால் அந்த நேரத்தில்தான் இருப்பார்.